ஹாஜியாரின் ஜீப்பும் என் பலாமரத் துவக்கும்

இலங்கை ராணுவம் ஒரு தடவை எனக்கு சல்யூட் அடித்திருக்கிறது.

சரி, சரி, பொய். ராணுவம் இல்லை, ஊர்காவல் படைக்காரர் ஒருவர். அவரும் எனக்கு அடிக்கவில்லை, நான் ஓட்டிக்கொண்டு போன ஜீப்புக்கு அடித்தார். அதுவும் முழு சல்யூட் இல்லை. வாயில் வெற்றிலை நிறைந்துவிட்டதால் பாதியில் கையை இறக்கிக்கொண்டு துப்பப் போய்விட்டார். ஆனால் அந்த அரை சல்யூட் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு செய்த வேலை இருக்கிறதே, அதை ஒரு முழுப் படையாலும் செய்திருக்க முடியாது.

நான் மாத்தளையில் டிங்கர் வேலை பார்ப்பவன். நசுங்கினதை நிமிர்த்துவது, துருப்பிடித்ததை வெட்டி ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் கணக்குப்படி ஆறாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்வேன். (கணக்கில் நான் அவ்வளவு கெட்டி.)

அது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். வடக்கே சண்டை ஓய்ந்திருந்தது. எங்கள் பக்கத்து ராணுவச் சாவடிகளில் தகரப் பெரல்களும் மணல் மூட்டைகளும் அப்படியேதான் இருந்தன. ஆனால் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்குவதை விட்டுவிட்டுக் கையை மட்டும் ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் ஆளுக்கொரு ஆசை வந்தது. ஹாஜியாருக்கு ஜீப் ஆசை வந்தது.

ஹாஜியார் டவுனில் மிளகு, கராம்பு, கொக்கோ வாங்கி விற்கிறவர். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போனபோது, அவருடைய வாப்பா ஒரு ராணுவ ஜீப்பை எடுத்திருந்தார். ஓடுகிற வரைக்கும் அது மிளகு மூட்டை சுமந்தது. ஓடாமல் போன பிறகு ஸ்டோருக்குப் பின்னால் கிடந்து கோழி வளர்த்தது. நான் அதை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது டிரைவர் சீட்டில் ஒரு சேவல் இருந்தது. இறங்கச் சொன்னேன். என்னைவிட அனுபவசாலி மாதிரிப் பார்த்தது.

கண்டியில் பழைய வாகனங்களின் ஊர்வலம் ஒன்று நடக்கப் போவதாகவும், யுத்தகாலத்து வண்டிகளுக்கு அதில் தனி வரிசை என்றும் ஹாஜியார் கேள்விப்பட்டிருந்தார். ஏலம் எடுத்த அன்று அவருடைய வாப்பா ஜீப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற போட்டோ ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இதுல இரிக்கிற மாதிரியே வேணும் மகன். ஒரு ஆணி கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஏலுமா ஒனக்கு?"

"என்ன ஹாஜியார் இப்படிக் கேட்டுட்டீங்க? இது மாதிரி ஜீப்பு எத்தனையோ செஞ்சிருக்கேன்."

(அதுவரைக்கும் நான் செய்திருந்த பெரிய வேலை, ஒரு பேக்கரிப் பாண் வேனின் பின்கதவு. அதுவும் மழைக் காலத்தில் மூடாது.)

துருவைச் சுரண்டத் தொடங்கினேன். துருவோடு ஜீப்பும் சேர்ந்து வந்தது. தரைத்தகடு முழுவதையும் எண்ணெய்ப் பெரலை வெட்டி விரித்துப் போட்டேன். அந்த ஜீப்பில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அதாவது ஓட்டுகிறவன் டாங்கியின் மேல் உட்கார்ந்துதான் சண்டைக்குப் போக வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம். நம் நாட்டில் டிரைவர் இருக்க வேண்டிய வலது பக்கத்தில், சும்மா வருகிற ஆள் உட்காருவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பெயின்ட் ஒரு தனிக் கூத்து. ராணுவப் பச்சை கேட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். நானே கலந்தேன். முதல் தடவை பச்சைப்பயறு நிறம் வந்தது. இரண்டாம் தடவை கிளி. ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, "இதுல சண்டைக்கிப் போனா எதிரி சிரிச்சே மவுத்தாகிருவான்" என்றார். மூன்றாவது தடவை கறுப்பையும் மஞ்சளையும் கோபத்தில் ஊற்றினேன், அச்சொட்டாக வந்துவிட்டது. பொனட்டில் வெள்ளை நட்சத்திரம். ஆறு முனை வைத்து வரைந்து, ஒன்றை அழித்தேன்.

வண்டியைச் செய்வது பாதி வேலைதான், மீதிப் பாதி அதற்கு நகை போடுவது. பின்னால் ஒரு பெட்ரோல் கேன், மேலே கென்வஸ் கூரை, உயரமாக ஒரு ஏரியல், பக்கவாட்டில் கோடரியும் மண் அள்ளுகிற சவலும். சவல் கிடைக்காமல் தோட்டத்து மண்வெட்டி ஒன்றை மாட்டினேன். ஹாஜியாருக்கு வந்ததே கோபம்! "வெள்ளக்காரன் சண்டைக்கி வந்தானா, கான் வெட்ட வந்தானா?"

போட்டோவில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே ஒரு இரும்புக் கம்பம் தெரிந்தது. மெஷின் துவக்கு, அதாவது இயந்திரத் துப்பாக்கி, பூட்டுகிற கம்பம். துவக்கை வெள்ளைக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கம்பத்தை மட்டும் வைத்தால் போதும் என்றார் ஹாஜியார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சாமி இல்லாத பீடம் மாதிரி இருந்தது. பலாமரத்தில் பிடி செதுக்கினேன். தண்ணீர்க் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டுக் குழலாக மாட்டினேன். பிஸ்கட் டின்னைத் தோட்டாப் பெட்டியாக்கினேன். மூங்கிலைச் சீவித் தங்க நிறம் பூசி, பழைய பெல்ட்டில் கோத்துத் தோட்டா மாலை செய்து தொங்கவிட்டேன். ஆடக் கூடாது என்று அடியில் வெல்டிங்கும் பிடித்தேன்.

ஹாஜியார் பார்த்தார். "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று இரண்டடி பின்னால் போனார். பிறகு கிட்ட வந்து விரலால் தட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, ஆனால் அடக்கிக்கொண்டார்.

"ஊர்வலக்காரங்க போலீசில சொல்லி அனுமதி எடுப்பாங்க. அது வரைக்கும் இது சாக்குக்குள்ள இரிக்கணும் மகன். ரோட்டுல ஒரு மனிசன்ட கண்ணுல படக் கூடாது. வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு ஹாஜியார்."

(விளங்கத்தான் செய்தது. கேட்கத்தான் இல்லை.)

எஞ்சினைப் புதிதாகக் கடைந்து பிஸ்டன் மாற்றியிருந்தோம். அப்படி மாற்றினால் ஊர்வலத்துக்கு முன் கொஞ்ச நாள் பாரம் ஏற்றாமல், விரட்டாமல், மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஹாஜியார் என்னிடம் கொடுத்தார். நான் ஜீப்பைப் பழக்க எடுத்துக்கொண்ட பாதை, ரத்தோட்டைப் பக்கத்து மலைத் தோட்டத்துக்குப் போகிற பாதை. எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது என்று எந்த மெக்கானிக்கும் சொல்வான். ஆனால் அங்கேதான் சரசு இருந்தாள்.

சரசு என் மாமா மகள். மாமா என்றால் ஒட்டின மாமா இல்லை, என் அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. தோட்டத்தில் காலைப் பிரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் காக்கிக் கோட்டைக் கழற்றவில்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் டிங்கரு"தான். "தகரம் தட்டுற கைக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று என் அம்மாவிடமே சொல்லியிருந்தார். அவர் பார்த்து வைத்திருந்தது கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர் வேலை பார்க்கிற ஒருவரை. நல்ல மனிதர். என்னைத் தவிர எல்லாருக்கும் பிடிக்கும்.

சரசு மாட்டேன் என்றாள். மாமா முடியாது என்றார். சோற்றுத் தட்டுகள் இரண்டு பக்கமும் தள்ளி வைக்கப்பட்டன. கடைசியில் மாமா ஒரு முடிவுக்கு வந்தார்: முத்துமாரியம்மனிடம் பூக் கேட்டுவிடுவது. எங்கள் ஆட்கள் மனசு இரண்டாகப் பிரிந்தால் செய்கிற காரியம்தான். இரண்டு நிறப் பூவை ஒரே மாதிரி இலைப் பொட்டலங்களாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிரித்தால் உள்ளே என்ன பூவோ, அதுதான் அம்மனின் தீர்ப்பு. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"கச்சேரி மாப்புளைக்கு வெள்ளப் பூ. கறை படாத உத்தியோகம்" என்றார் மாமா. "ஒனக்குச் செவப்பு. துரு கலரு."

"சரிங்க மாமா."

"அம்மா வெள்ளையக் குடுத்தா அதுக்கப்புறம் ஒன் தல இந்த லயத்துப் பக்கம் தெரியக் கூடாது."

"சரிங்க மாமா."

வெள்ளிக்கிழமை காலை மாத்தளைக் கோவிலுக்குப் போவதாக முடிவு. தோட்டத்து பஸ்ஸை நம்ப முடியாது. (அது வந்தால்தான் செய்தி.) "நான் ஜீப்புல கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றேன். துரைமார் போன ஜீப் என்றதும் மாமாவின் காக்கிக் கோட்டு ஒரு சுற்றுப் பெருத்தது.

அன்றைக்கு மலை ஏறும்போதுதான் அந்த அரை சல்யூட் கிடைத்தது. துவக்கு சாக்குக்குள்தான் இருந்தது. ஜீப்பையும் நட்சத்திரத்தையும் பார்த்தே அந்த மனிதர் கையைத் தூக்கினார். நான் யோசித்தேன். மூடி வைத்ததற்கே சல்யூட் என்றால், திறந்து வைத்தால்? (நான் யோசிக்கத் தொடங்கினால் யாராவது பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டும்.) இறங்கிச் சாக்கைக் கழற்றினேன்.

தோட்டத்து வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் போய் நின்றதும் மாமா துவக்கைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னடா இது?"

"அலங்காரம் மாமா. மரம்."

"மரமா?" தொட்டார், தடவினார், குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். "சுடாதா?"

"தண்ணி வேணும்னா வரும்."

வலது சீட்டில் ஏறி உட்கார்ந்து, கைத்தடியை மடியில் வைத்து, ஒரு கையைத் துவக்கின் மேல் போட்டுக்கொண்டார். ஒரு தளபதிதான் போங்கள். சரசு பூசைத் தட்டோடு பின்னால் ஏறினாள். விடியற்காலையிலேயே குளித்துவிட்டு அவள்தான் பொட்டலங்களைக் கட்டினாளாம். பெண்தான் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. வாழையிலையில் சுருட்டி நாரால் இறுக்கிக் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள் அவள் மடியில் இருந்தன. பின் சீட்டுக்கு மெத்தை இன்னும் தைத்து வரவில்லை, வெறும் கம்பிச் சுருள்தான். நான் அந்தச் சாக்கை நாலாக மடித்து அவள் உட்காரப் போட்டுக் கொடுத்தேன். சாவடி வருவதற்கு முன் துவக்கை மூடிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வழியில் நிறுத்தி, "சரசு, கொஞ்சம் எந்திரி, சாக்க எடுக்கணும்" என்று எப்படிச் சொல்வது? கம்பிச் சுருளில் உட்கார வைத்தால் அந்தப் பெண் எனக்காக அம்மனை வேண்டுவாளா, கிளாக்கருக்காக வேண்டுவாளா?

கையை ஆட்டித்தானே அனுப்புகிறார்கள், இன்றைக்கும் ஆட்டுவார்கள் என்று இறங்கினேன்.

மாத்தளைக்கு முன்னால், ஒரு வளைவு தாண்டினதும் சாவடி. மூன்று சிப்பாய்கள் ஒரு பெரலின் மேல் கேரம் பலகையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வளைவில் முதலில் தெரிந்தது என் துவக்கின் குழல். பிறகு காக்கிக் கோட்டு. பிறகுதான் ஜீப்.

ஒருவன் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தான். ஒருவன் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து படுத்தான். மூன்றாமவர் ஒரு கோப்ரல், கேரம் ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். அடுத்த நொடி மூன்று நிஜத் துவக்குகள் எங்களைப் பார்த்தன.

"அத் உஸ்ஸன்ன!" கையைத் தூக்கு!

தூக்கினேன். இரண்டையும். ஸ்டியரிங்கில் ஒரு கையாவது இருக்க வேண்டும் என்பதும், கால் என்று ஒன்று பிரேக்கின் மேல் இருக்க வேண்டும் என்பதும் ஞாபகம் வரவில்லை. ஜீப் தன் பாட்டுக்கு உருண்டு போய்ப் பெரலில் முட்டியது. கேரம் காய்கள் ரோடு முழுக்கச் சிதறின. எஞ்சின் நின்றது. முட்டின குலுக்கலில் சீட்டை விட்டு என் பக்கம் சாய்ந்துவிட்ட மாமா மட்டும் கையைத் தூக்கவில்லை. துவக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கைய எடுங்க!"

"எடுத்தா விழுந்துருவேன்டா!"

"எடுக்காட்டி சுட்டுருவாங்க மாமா!"

எடுத்தார். விழுந்தார். என் மேல்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கிற விஷயமாக இல்லை. எங்கள் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுச் சந்தைக்குப் போனவன், ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தான். என்னிடம் அடையாள அட்டை இருந்தது. பக்கத்தில் மெஷின் துவக்கும் இருந்தது.

கோப்ரல் வலது பக்கம் வந்து மாமாவிடம் சிங்களத்தில் லைசன் கேட்டார். மாமா தான் டிரைவர் இல்லை என்றார். டிரைவர் இல்லாமல் வண்டி எப்படி வந்தது என்று கேட்டார் கோப்ரல். நான் இடது பக்கத்தில் இருந்து, கையை இறக்காமல், "மஹத்தயா, ஐயா, நான் இங்கே இருக்கிறேன்" என்றேன். மாமாவின் அடியில் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

எங்களை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். கானில் இருந்து ஏறி வந்த சிப்பாய் மெதுவாகப் போய்த் துவக்கைத் தன் துவக்கின் பிடியால் தட்டினான். டொக் என்றது. இன்னொரு தட்டு. பெயின்ட் உதிர்ந்து பலாமரத்தின் மஞ்சள் தெரிந்தது. தோட்டா மாலையை இழுத்தான். அறுந்து, மூங்கில் தோட்டாக்கள் கேரம் காய்களோடு சேர்ந்து உருண்டன.

மரம் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கோப்ரலுக்குக் கோபம்தான் கூடியது. அவருடைய ஆட்கள் இரண்டு பேரையும் படுக்க வைத்துவிட்டேன் அல்லவா! யார் செய்தது, எதற்குச் செய்தது, யார் வண்டி? ஹாஜியாரின் பெயரையும் கடையையும் சொன்னேன். ரேடியோவில் பெரிய கேம்புக்குச் செய்தி போனது, அங்கே இருந்து கடைக்கு ஆள் போனது. "மற்றதையும் சோதி" என்றார் கோப்ரல்.

தேங்காயைத் தட்டிப் பார்த்தார்கள். வாழைப்பழச் சீப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். சூடத்தை முகர்ந்தார்கள். பிறகுதான் சரசுவின் கை கண்ணில் பட்டது. அந்த இரண்டு பொட்டலங்களையும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ன?"

நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். இது பூ, அம்மனிடம் கேட்பதற்கு, ஒன்று எனக்கு, ஒன்று கச்சேரி மஹத்தயாவுக்கு, எது வருகிறதோ அவருக்கு இந்தப் பெண். கோப்ரல் கவனமாகக் கேட்டார். தெய்வ காரியம் என்றதும் தொப்பியைக்கூடச் சரிசெய்துகொண்டார். ஆனாலும் கட்டின பொட்டலத்தைப் பிரிக்காமல் விட முடியாது என்றார். கையை நீட்டினார். சரசு அசையவில்லை.

"குடு தாயி" என்றார் மாமா. "விவரம் தெரியாத ஆள் எடுக்கணும்னுதானே மொற? இவருக்கும் எது எந்தப் பொட்டலம்னு தெரியாதே. அம்மா எங்க இருந்தாலும் அம்மாதான்."

கோப்ரல் இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஒன்றை எடுத்தார். நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். இலையை விரித்தார்.

சிவப்பு. அழகான, கொழுத்த செவ்வரத்தம்பூ.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து மரத்துக் காக்கைகள் எழுந்து போயின. கை இரண்டும் மேலேதான் இருந்தன, அப்படியே ஆடினேன். மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார். "ஒன் இஷ்டம் தாயே" என்றார். முடிந்தது விஷயம். அம்மன் கொடுத்துவிட்டாள். கோப்ரலும் போதும் என்று மற்றப் பொட்டலத்தைச் சரசுவிடம் திருப்பி நீட்டினார்.

அந்த இடத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான்.

"இல்ல மஹத்தயா!" என்றேன். "ஒங்களுக்கு மனசுல சந்தேகம் இருக்கக் கூடாது. அதையும் பிரிங்க. கடமைன்னா கடமை. வெள்ளப் பூதான், பாருங்க!"

சரசு என்னைப் பார்த்தாள். கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். காதல் என்று நினைத்தேன். என் காலை மிதித்தாள். அதையும் காதல் என்றுதான் நினைத்தேன்.

கோப்ரல் பிரித்தார்.

சிவப்பு.

சூடான எஞ்சின் டிக் டிக் என்று ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாமா இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான் வெள்ளப் பூவும் பறிச்சுக் குடுத்தேனே. எங்கடி அது?"

"ஆடு தின்னுருச்சுப்பா."

"ஆடு செவப்ப வுட்டுட்டு வெள்ளைய மட்டும் பாத்துத் தின்னுச்சா?"

சரசு தரையைப் பார்த்தாள்.

"அம்மாளையே ஏமாத்தத் துணிஞ்சிட்டியாடி?"

"அம்மாள ஏமாத்தலப்பா" என்றாள். அழுதுகொண்டுதான், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "அம்மாளுக்கு எல்லாம் தெரியும். ஒங்களத்தான் ஏமாத்துனேன்."

மாமாவின் முகம் அவருடைய கோட்டின் நிறத்துக்கு வந்தது. "நட" என்றார். "நடந்தே லயத்துக்குப் போவோம். வர்ற ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளைக்கே நிச்சயம். இந்தத் தகரம் தட்டி இனிமே..." என்று என் பக்கம் கையை நீட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த நேரம் மாப்பிள்ளை. திறந்ததால் தகரம் தட்டி.

நடக்கப் போனவரைக் கோப்ரல் மறித்தார். ஜீப்புக்குச் சொந்தக்காரர் வரும்வரை ஒருவரும் அசையக் கூடாது. இந்தக் கிழவர் ஏன் கத்துகிறார், இந்தப் பெண் ஏன் அழுகிறாள், உடனே சொல் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? மூன்று துவக்குக்கு முன்னால், கையைத் தூக்கிக்கொண்டு, என்னைக் கட்டிக்கொள்ள இந்தப் பெண் இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவையே வைத்துவிட்டாள் என்று சிங்களத்தில் விளக்கினேன். (உலகத்திலேயே அப்படி ஒரு பெருமையை அப்படி ஒரு வெட்கத்தோடு சொன்னவன் நானாகத்தான் இருப்பேன்.)

கோப்ரல் என்னை உச்சியில் இருந்து பார்க்கத் தொடங்கினார். தலையில் கிரீஸ். முகத்தில் மாமா விழுந்த தடம். சட்டையில் கிளிப்பச்சை. காலைச் சுற்றி மூங்கில் தோட்டா. பார்த்து முடித்துவிட்டு, சரசு பக்கம் திரும்பி, உண்மையான கவலையோடு கேட்டார்.

"மேகாட்டத நங்கி?" இவனுக்கா, தங்கச்சி?

மற்ற இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். கானில் விழுந்தவன்தான் அதிகமாகச் சிரித்தான். சரசு தலையை இன்னும் குனிந்துகொண்டாள். எனக்கே சிரிப்பு வந்தது. கேள்வி நியாயமானது.

மாமாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அவருடைய கைத்தடி தரையில் படார் என்று விழுந்தது.

"என்னய்யா சிரிக்கிறீங்க?" என்றார், பச்சைத் தமிழில். "எங்க மாப்புளைக்கு என்ன கொறச்சல்? மூளதான் கொஞ்சம் கொறச்சல். கை இருக்கே, தங்கக் கை! இவன் செஞ்ச மரத்துண்டப் பாத்துட்டுத்தானே நீ கானுக்குள்ள போயிப் படுத்த? எந்தக் கச்சேரிக் கிளாக்கரு ஒன்னைய அப்பிடிப் படுக்க வைப்பான்?"

சொல்லி முடித்த பிறகுதான் மாமாவுக்குத் தன் வாயில் இருந்து என்ன சொல் வந்தது என்று தெரிந்தது. அவர் வாயை மூடினார். சரசு தலையைத் தூக்கினாள். கோப்ரல் என்னிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "எங்கள் மாப்பிள்ளை" என்கிறார், மஹத்தயா. கோப்ரல் விளங்கிவிட்டது என்று தலையாட்டினார். இருந்தாலும் மறுபடி சொன்னேன். மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவனுக்குக் கேட்டிருக்காது என்று அவன் பக்கம் திரும்பியும் சொன்னேன். பிறகு மாமாவுக்கே தமிழில் சொன்னேன்.

"போதும்டா" என்றார் மாமா. கைத்தடியைக் குனிந்து எடுத்தார். எடுத்து அதிக நேரம் துடைத்தார். "கங்காணி ஒரு பேச்சுப் பேசுனா அது பேச்சு. பெரட்டுல நாலு பேருக்கு முன்னுக்குச் சொன்னத நான் என்னைக்கும் மாத்துனது இல்ல."

சரசு கோப்ரலின் கையில் இருந்த பூக்களில் ஒன்றை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். அவர் மற்றதையும் நீட்டினார். அதைப் பூசைத் தட்டில் வைத்தாள்.

என் கையை இறக்கலாம் என்று அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஹாஜியார் இறங்கினார். ஒரு காலில் செருப்பு இல்லை. கூடவே பெரிய கேம்பில் இருந்து ஒரு ஆபிசரும் வேறு வண்டியில் வந்து இறங்கினார். ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. முட்டின பெரலைப் பார்க்கவில்லை. நேரே ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவருக்குப் பின்னால் அந்த ஆபிசரும் நடந்தார். இரண்டு பேரும் துவக்குக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆபிசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழலில் நான் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, ஹாஜியாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு ஹாஜியார் சொன்னார் பாருங்கள் ஒரு பதில், நான் அப்படியே...

"இந்தாங்க! எழுதுனது போதும், எந்திரிச்சு வாங்க! தண்ணி மோட்டரு நின்னு போச்சு!"

சரசுதான். நேற்றுத்தான் அந்த மோட்டரைக் கழற்றிப் பூட்டினேன். இரண்டு வாஷர் மிஞ்சியது, ஆனாலும் ஓடியது.

"ரெண்டு நிமிஷம் சரசு. ஹாஜியார் பதில் சொல்லப் போறாரு."

"அவரு இருவது வருஷமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்காரு. அப்பா தல நெறையச் சோப்பப் போட்டுட்டு நிக்கிறாருங்க!"

குளியலறைக்குள் இருந்து மாமனாரின் குரலும் வருகிறது. வயது எண்பது தாண்டியும் பிரட்டுக் களத்துக் குரல் அப்படியே இருக்கிறது. தெருவுக்கே கேட்கிறது.

"எங்க அந்தத் தங்கக் கை? வரச் சொல்லு! கண்ணு எரியுது!"